பிரஷ் கட்டர் வாங்கப் போகிறீர்களா: சீனாவா, ஜப்பானா, ஜெர்மனியா, வாடகையா?

களை எடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட பிறகு, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் பேச்சில் பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின், வந்துவிடுகிறது. களைக்கு, பாதையோரப் புல்லுக்கு, பிளேடை மாற்றினால் கவாத்துக்கு என்று ஒரே மெஷின் மூன்று வேலை செய்கிறது. ஆள்கூலி ஏறுகிற வேகத்துக்குப் பச்சைத்தேயிலை விலை ஏறுவதில்லை. அதனால் வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் முடிந்து, எதை வாங்குவது என்ற இடத்துக்கு எல்லாரும் வந்துவிட்டோம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைக்குள் நுழைந்தால் பத்தாயிரம் ரூபாய்க்கும் மெஷின் இருக்கிறது, நாற்பதாயிரத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது, பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் வரும் பதில் ஒரே வரி: "இது சைனாங்ணா, அது ஜப்பான்."

அந்த ஒரு வரியை நம்பிக் கூடுதலாக முப்பதாயிரம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு தூக்கி வருவதும் அப்படித்தான். ஆகவே கடையில் கிடைக்கும் ஒவ்வொரு ரகத்தையும் விலை, தரம், எந்த நாட்டில் செய்தது என்ற மூன்றையும் சேர்த்து வைத்து, நம் நீலகிரி மலைக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கலாம். சமவெளிக்காரர்கள் வாங்கிவிட்டு எழுதும் விமர்சனங்கள் இங்கே பாதிதான் பொருந்தும், அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலில் சீன மெஷின். ஸ்டிக்கரில் ஏதோ ஒரு பேர் இருக்கும், ஆறு மாதம் கழித்துப் போனால் அதே மெஷினில் வேறு பேர் இருக்கும், அதைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் எஞ்சின் பெரும்பாலும் இரண்டு வகைதான்: 42.7 சிசி, 51.7 சிசி. கடையில் 43 என்றும் 52 என்றும் சொல்வார்கள், இரண்டுமே டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வகை. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டும் மிட்சுபிஷியின் டிஎல் 43, டிஎல் 52 எஞ்சின்களின் அமைப்பைப் பார்த்துச் செய்தவை. மூலம் ஜப்பான், வார்ப்பு சீனா. ஷெஜியாங் மாகாணத்தில் யோங்காங் என்று ஒரு ஊர் இருக்கிறது, இரும்புச் சாமான்களுக்கும் தோட்டக் கருவிகளுக்கும் பேர்போன ஊர், இந்த ரக மெஷின் செய்யும் பட்டறைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம்.

எஞ்சின் தகட்டில் 1ஈ40எஃப் அல்லது 1ஈ44எஃப் என்கிற மாதிரி ஒரு குறி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். நடுவில் வரும் 40, 44 என்பது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில், கடைக்காரர்கள் இதை 'போர்' என்பார்கள். மேலே 63 சிசி, மூன்றரை எச்பி என்று பெரிய எழுத்தில் மினுமினுக்க ஒட்டியிருந்தாலும் தகட்டில் 44 என்று இருந்தால் அது 52 சிசி மெஷின்தான், அதற்குண்டான காசு மட்டும் கொடுங்கள்.

இந்த ரகத்தின் பெரிய பலத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எல்லாரும் ஒரே அமைப்பைச் செய்வதால், எந்தப் பேரில் வாங்கினாலும் பிஸ்டன், ரிங், காயில், கார்புரேட்டர், கிளட்ச் ஷூ, ஸ்டார்ட்டர் எல்லாமே பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். விலையும் சில நூறு ரூபாய்தான். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஏதாவது ஒரு ஸ்பேர் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் போய் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் மேலே வந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: குழாயின் தடிமன் 26 மில்லிமீட்டரிலும் உண்டு, 28-லும் உண்டு, உள்ளே சுழலும் கம்பியின் முனையில் பல் ஏழும் இருக்கும் ஒன்பதும் இருக்கும். பிளேடு மாட்டும் முனையில் இருக்கும் கியர் ஹெட் வாங்கப் போகும்போது பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போகாவிட்டால் மறுநாள் இன்னொரு பஸ் டிக்கெட்.

பலவீனம் என்னவென்றால் நிச்சயமின்மை. ஒரே லாரியில் வந்து இறங்கிய ஒரே மாடல் இரண்டில் ஒன்று வருஷக்கணக்கில் ஓடும், இன்னொன்று முதல் மழையிலேயே உட்கார்ந்துவிடும். விலையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் எஞ்சின் வடிவத்தில் இல்லை. போல்ட்டில், பேரிங்கில், பெட்ரோல் குழாயின் ரப்பரில், கேபிளில், சிலிண்டர் உள்பூச்சில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து சோதித்து ஒதுக்கும் வேலையில். ஆக அந்தச் சோதனையை நீங்கள்தான் கடையில் செய்ய வேண்டும். பிளேடு மாட்டும் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லொடலொட என்று ஆடக் கூடாது, கையால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள், ஓரிடத்தில் கம்ப்ரஷன் கையைத் தடுக்க வேண்டும், விட்டால் கயிறு மிச்சமில்லாமல் உள்ளே போக வேண்டும். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பஞ்சு ஒழுங்காக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்த வழியாகத்தான் தூசி போய் பிஸ்டனைத் தின்னும். இதில் எதுவும் மெக்கானிக் வேலை இல்லை, ஐந்து நிமிஷம் போதும், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது ரகம்தான் எனக்கு எரிச்சல் தருவது. விலை பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று நடுவில் நிற்கும். பெட்டியில் உதயசூரியன் மாதிரி ஒரு சிவப்பு வட்டம், "ஜப்பான் டெக்னாலஜி" என்றோ "ஜெர்மன் தரம்" என்றோ ஒரு வாசகம். பேரும் ஜப்பான்காரர் பேர் மாதிரியே ஒலிக்கும். பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் சிறிய எழுத்தில் இறக்குமதியாளர் முகவரி, அதற்குக் கீழே தயாரித்த நாடு சீனா. உள்ளே அதே 44 போர் எஞ்சின். சில கம்பெனிகள் உண்மையாகவே பார்த்துப் பொறுக்கி வரவழைக்கின்றன, ஒரு வருஷ வாரண்டியையும் மதிக்கின்றன, அப்படிப்பட்ட ஆள் உங்கள் ஊரிலேயே சர்வீஸ் வைத்திருந்தால் கூடக் கொஞ்சம் கொடுப்பதில் நியாயம் உண்டு. மற்றபடி இரண்டு மடங்கு விலையில் பாதி அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் போகிறது. சீன மெஷின் வாங்குவதென்றால் சீன விலைக்கு வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

மூன்றாவது, பேர் பெற்ற கம்பெனி. நம் பக்கம் அதிகம் புழங்குவது ஹோண்டாவும் ஸ்டிலும். ஹோண்டாவில் நாம் பார்ப்பது ஜிஎக்ஸ் 35 எஞ்சின், 35.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை, தனியாக ஊற்றினால் போதும், சத்தமும் புகையும் குறைவு. ஸ்டிலில் நம் பக்கம் பெரும்பாலும் பார்ப்பது டூ ஸ்ட்ரோக், எடைக்கு இழுவை அதிகம், கவாத்துக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். விலை மாடலைப் பொறுத்து இருபத்தைந்தாயிரத்தில் தொடங்கி நாற்பதையும் தாண்டும்.

சரி, இதில் நாடு எங்கே இருக்கிறது? ஹோண்டா ஜப்பான் கம்பெனிதான், ஆனால் அதன் சிறிய எஞ்சின்கள் தாய்லாந்திலும் செய்யப்படுகின்றன, சீனாவிலும் செய்யப்படுகின்றன, இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவில் அந்தக் கம்பெனிக்குச் சொந்தத் தொழிற்சாலையே இருக்கிறது. ஸ்டில் 1926-இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. இன்று அதற்கு அமெரிக்காவின் விர்ஜீனியா பீச்சிலும் பிரேசிலிலும் சீனாவின் சிங்டாவோவிலும் ஆலைகள் உண்டு. அதன் மெஷின்கள் பலவற்றில் இருக்கும் ஸாமா கார்புரேட்டரைச் செய்யும் கம்பெனியையும் ஸ்டிலே வாங்கி வைத்திருக்கிறது, அந்த கார்புரேட்டர்கள் பெரும்பாலும் சீனாவில்தான் தயாராகின்றன. ஆக நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் ஜெர்மன் மெஷினிலும் சீனச் சாமான் இருக்கிறது, அது நன்றாகவும் ஓடுகிறது. சீனாக்காரனுக்கு நல்ல சாமான் செய்யத் தெரியாது என்பதெல்லாம் பழைய கதை. என்ன விலைக்குக் கேட்கிறோமோ அந்தத் தரத்தில் செய்து தருகிறார்கள், கேட்டவர் தரத்தைச் சோதித்து வாங்கினாரா என்பதுதான் மிச்சம்.

அப்படியானால் பேர் பெற்ற கம்பெனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு? இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, சரியில்லாததை ஆலையிலேயே ஒதுக்கிவிடுவார்கள், அதாவது உங்கள் கைக்கு வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்காது. இரண்டு, உதிரிபாகத்துக்கு ஒரு எண் இருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் எட்டு வருஷம் கழித்தும் அச்சு அசலாக அதே சாமான் வரும். ஆனால் "வரும்" என்பதில்தான் சிக்கல்: டீலர் ஊட்டியிலோ குன்னூரிலோ இருந்து, கையிருப்பும் வைத்திருந்தால் மறுநாள் வரும், கோவையில் சொல்லி வைத்து, அங்கிருந்து சென்னைக்கோ புனேக்கோ ஆர்டர் போய்த் திரும்பி வருவதென்றால் களை இடுப்பளவு வளர்ந்துவிடும். ஜப்பானா ஜெர்மனியா என்று யோசிக்கும் நேரத்தில் டீலருக்கு ஒரு போன் போட்டு, இந்த மாடலுக்கு கிளட்ச் டிரம்மும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃபிரமும் இன்றைக்குக் கடையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தக் கம்பெனி எவ்வளவு பெரிதாக இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

பெட்டியைப் படிப்பது பற்றி இரண்டு வார்த்தை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் பெட்டியில் தயாரித்த நாடு, இறக்குமதி செய்தவர் பேரும் முகவரியும், மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவரும் தயாரித்த நாட்டைச் சொல்ல வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. "விற்பனை செய்பவர்" என்று டெல்லி முகவரி போட்டிருந்தால் அது டெல்லியில் செய்தது என்று ஆகாது, "இங்கே பொருத்தப்பட்டது" என்றால் எஞ்சினும் இங்கேயே வார்த்தது என்றும் ஆகாது. அப்புறம் அந்த 890 சமாச்சாரம். பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690-இல் தொடங்கினால் சீனத் தயாரிப்பு என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த எண், பார்கோடு வாங்கிய கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். சீனாவில் செய்த பொருளுக்கு இந்திய இறக்குமதியாளர் தாராளமாக 890 போடலாம், போடுகிறார்கள். பெட்டியில் நாடே இல்லை என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கும் வேலையை விட, அப்படிப்பட்ட பெட்டியைத் தொடாமல் வருவது சுலபம்.

இப்போது மலை விஷயம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடும், எஞ்சினுக்குள் போகும் காற்று குறையும், பலம் குறையும். ஹோண்டா தன் எஞ்சின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதம் பலம் போகும், கார்புரேட்டரை மாற்றி அமைத்தாலும் போகும். ஊட்டி 2,240 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கோத்தகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. கூடலூரில் இவ்வளவு இல்லை, பத்துப் பன்னிரண்டு சதவீதம் போகும். அதனால்தான் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் 35 சிசி ஹோண்டாவை ஓட்டுகிறவர் "பிரமாதம்" என்கிறார், அதே மெஷினை இங்கே தேயிலைத் தண்டில் வைத்தால் திணறுகிறது. புல்லுக்குத் திணறாது, அதைச் சொல்லிவிட வேண்டும். கிகுயு புல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் 35 சிசி போதும். கவாத்துக்கும் கட்டை விரல் தடிமனுக்கு மேல் வளர்ந்துவிட்ட உண்ணிச்செடிக்கும்தான் கூடுதல் சிசி வேண்டியிருக்கிறது. அங்கே மலிவு சீன 52-க்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது: நாலில் ஒரு பங்கு போனாலும் மிச்சம் இருக்கிறது.

கூடவே இன்னொன்று. கீழே செட் செய்த டூ ஸ்ட்ரோக் மெஷின் மேலே வந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் கலந்து புகை கக்கும், ப்ளக் கரி பிடிக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் இழுத்து இழுத்துப் போகும். மெஷின் மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பலருக்குத் தேவைப்படுவது கார்புரேட்டரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவில் ஒரு கால் திருகுதான். ரொம்பத் திருகினால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் சிக்கிவிடும், ஆகவே தெரிந்தவர் கையில் விடுங்கள். கோவையில் விலை குறைவு என்று அங்கிருந்து வாங்கி வருபவர்கள் கோத்தகிரி மெக்கானிக்கிடம் கொடுக்கும் சர்வீஸ் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை, இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த மாதிரிச் சிறிய எஞ்சின்களின் கையேடுகள் பெரும்பாலும் பத்து சதவீதம் வரைதான் சம்மதம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் மஞ்சு மூடிக் கிடக்கும் ஊரில், மழைக்கு முன்னால் டேங்கில் விட்ட பெட்ரோலோடு மழை முடிந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டயஃபிரம் விறைத்துப் போகும், குழாய் வெடிக்கும். இதில் சீன மெஷின் சீக்கிரம் கெடும், பேர் பெற்றது கொஞ்சம் தாமதமாகக் கெடும், இரண்டும் கெடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வைப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் மெஷினும் உழைக்கும். ஆயில் கலப்பும் அப்படித்தான்: சீன மெஷின்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு நாற்பது மில்லி, ஸ்டிலுக்கு அவர்களுடைய ஆயில் என்றால் இருபது மில்லி. பக்கத்து வீட்டுக்காரர் கலந்து வைத்ததை அப்படியே வாங்கி ஊற்றுவதால் செத்துப் போகும் மெஷின்கள் தரக்குறைவால் சாவதை விட அதிகம் என்பது என் சந்தேகம்.

கவாத்து செய்வதென்றால் எஞ்சினை விட பிளேடைப் பற்றிக் கவலைப்படுங்கள். வெட்டு சாய்வாக, வழவழ என்று இருக்க வேண்டும். தண்டு பிளந்தாலோ பட்டை உரிந்து தொங்கினாலோ அந்த வழியாக நீர் இறங்கி உள்ளே அழுக ஆரம்பிக்கும், மருந்து பூசினாலும் பிளவுக்குள் போகாது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, முப்பது நாற்பது வருஷச் செடியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. மலிவு பிளேடில் பற்களில் பற்றவைத்திருக்கும் கார்பைடு துண்டு கல்லில் பட்டால் தெறிக்கும், தெறித்தால் அது எங்கே போய்ப் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. சீன மெஷின், நல்ல கம்பெனி பிளேடு என்ற சேர்க்கை, விலை கூடிய மெஷின், பெட்டியோடு வந்த பிளேடு என்ற சேர்க்கையை விட நன்றாக வெட்டும். புல்லுக்குப் பிளேடுக்குப் பதிலாக மாட்டும் நைலான் கயிறு விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, தேய்ந்து தெறிக்கும் துண்டெல்லாம் தோட்டத்து மண்ணிலேயே கிடக்கிறது, பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கும் மாவட்டத்தில் இதை யாரும் பேசுவதில்லை. முடிந்த இடத்தில் பிளேடே போடுங்கள்.

பேட்டரி மெஷின்களையும் விட்டுவிடக் கூடாது. இவற்றுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை, மோட்டாருக்குக் காற்று வேண்டாம், ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் ஒரே பலம். புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் எடுத்து ஓட்டலாம். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர், காய்கறிப் பாத்தி வரப்பு என்றால் இதையே வாங்குங்கள் என்பேன். ஏக்கர் கணக்கில் சரிவில் ஓட்டுவதற்குச் சார்ஜ் நிற்காது, மாற்று பேட்டரி வாங்கினால் விலை பெட்ரோல் மெஷினைத் தாண்டிவிடும். இங்கே கம்பெனிப் பேர் உண்மையிலேயே முக்கியம், ஆனால் மெஷினுக்கு அல்ல, பேட்டரிக்கு. ஆன்லைனில் வரும் பேர் இல்லாத பேட்டரி இரண்டு வருஷத்தில் செத்தால் அதே கொக்கி, அதே வோல்ட் உள்ள இன்னொன்று கிடைக்காது, மெஷினையே தூக்கிப் போட வேண்டியதுதான். பெட்ரோல் சீன மெஷினின் பலமான பொது உதிரிபாகம் பேட்டரியில் இல்லை. அதனால் பேட்டரி என்றால் பேர் பெற்ற கம்பெனி, பெட்ரோல் என்றால் யோசிக்கலாம்.

மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாகச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி வரையும் மற்றவர்களுக்கு நாற்பது சதவீதம் வரையும் ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். இதில் ஒரு சூட்சுமம்: அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் மாடலுக்குத்தான் பணம் வரும், பத்தாயிரம் ரூபாய்ச் சீன மெஷினைக் கடையில் வாங்கி வந்து பில்லைக் காட்டினால் வராது. மானியம் கைக்கு வரும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது, முப்பத்தைந்தாயிரம் மெஷின் பதினெட்டாயிரத்துப் பக்கம் இறங்கினால் அந்த நடு விலைப் போலி ஜப்பானை வாங்க யாருக்கும் காரணமே இல்லை. நம் மாவட்டத்தில் தடங்கல் பட்டாவில்தான் வரும். தாத்தா பேரில், பெரியப்பா சித்தப்பா எல்லாரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் அதற்கு அலைய வேண்டும், சிறு குறு விவசாயி சான்றுக்கும் அலைய வேண்டும். அதற்குள் களை காத்திருக்காது. அலையப் பொறுமை இருப்பவர் இந்த சீசனை வாடகையில் ஓட்டிவிட்டு அடுத்த சீசனுக்குள் மானியத்தில் எடுப்பது நல்லது.

வாடகை என்றதும் ஏதோ வசதி இல்லாதவர் செய்வது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு ஏக்கருக்கு வருஷத்தில் மூன்று நான்கு முறை களை வெட்டுவோம், முறைக்கு ஒன்றிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் மெஷின் விறகுக் கொட்டகையில் தொங்கும். மெஷினோடு ஆளே வந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் பெட்ரோல், ஆயில், ரிப்பேர், முதுகுவலி எல்லாம் அவர் பாடு. ஒரு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு இதுதான் லாபம். ஆள் கிடைக்க வேண்டுமே என்பதுதான் பிரச்சினை, மழை விட்ட வாரத்தில் எல்லாரும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்குவது பார்க்க நல்ல யோசனை, ஆனால் யார் ஆயில் கலந்தார், யார் கையில் இருக்கும்போது கெட்டது என்று பேச்சு வளராமல் இருக்க ஓட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

ஆக, யாருக்கு எது? கூலிக்கு மெஷின் வைத்து ஓட்டுபவர், தினமும் ஐந்தாறு மணி நேரம் தோளில் சுமப்பவர், யோசிக்காமல் பேர் பெற்ற கம்பெனிக்குப் போகலாம். அவருக்கு ஒரு நாள் மெஷின் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு, அதிர்வு குறைந்த கைப்பிடிக்குக் கொடுக்கும் காசு பத்து வருஷம் கழித்து மணிக்கட்டில் தெரியும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்துத் தானே ஓட்டுபவர், ஊட்டி, கோத்தகிரி உயரத்தில் இருந்து கவாத்தும் செய்வதென்றால், மானியம் கிடைத்தால் ஸ்டில் மாதிரி ஒரு டூ ஸ்ட்ரோக், கிடைக்காவிட்டால் 44 போர் சீன மெஷினும் நல்ல பிளேடும். களை மட்டும்தான், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் தாராளம், அங்கே பெய்யும் மழைக்குப் புல்லும் சீக்கிரம் வளரும், பெட்ரோல் மிச்சமாவது நன்றாகத் தெரியும். ஒரு ஏக்கருக்குள் என்றால் வாடகை. நடு விலைச் சிவப்பு வட்டத்துக்கு என் பட்டியலில் இடமில்லை.

எதை வாங்கினாலும் கண்ணாடி, முழங்கால் வரை கால்கவசம், காதடைப்பு இவற்றுக்கு ஓராயிரம் ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். காதடைப்பில் மட்டும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு: போட்டுக்கொண்டு குனிந்து வெட்டினால் பின்னால் காட்டெருமை வந்து நிற்பது கேட்காது. தேயிலைக்குள் பகலிலேயே மேய்கின்றன. மேல் வரிசையில் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவர் விசிலடித்தாலும் உங்களுக்குக் கேட்காது என்பதால் கையசைத்தால் தெரியும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

வாங்கும் அன்றைக்குக் கடை வாசலிலேயே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த மெஷின் எல்லாம் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிஷம் ஓட்டி, அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சூட்டோடு மறுபடி கயிற்றை இழுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் பிடித்துக்கொண்டால் பில்லில் எஞ்சின் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.